ஹியர்-லிசன், டில்-பை, சின்ஸ்-ஃபார்: குழப்பும் இங்கிலீஷ் சொற்களைத் தமிழை வைத்தே பிரித்துப் பழக முழுமையான வழிகாட்டி

ஹியர் என்றால் கேட்பது, லிசன் என்றாலும் கேட்பது. சீ, லுக், வாட்ச் மூன்றுமே பார்ப்பது. இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரியைப் புரட்டினால் இப்படித்தான் போட்டிருக்கும், அதை மனப்பாடம் செய்தவருக்கு வாயைத் திறக்கும்போது எதைப் போடுவது என்றே தெரியாது. மதுரையில் சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் நிறைய. முக்கால்வாசிப் பேர் போனில் ஒரு ஜோடிச் சொல் பட்டியலைச் சேமித்து வைத்திருப்பார்கள். பட்டியல் பரீட்சைக்கு உதவும், பேசும்போது உதவாது.

நான் சொல்வது இதுதான். இங்கிலீஷ் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிற பல வித்தியாசங்கள் தமிழிலும் இருக்கின்றன. நாம் அதைத் தனிச் சொல்லாக வைக்காமல், சொல்லின் கடைசியில் ஒட்டி வருகிற -க்கு, -வரைக்கும், -க்குள்ளே, -இலிருந்து, -தான் மாதிரி உருபுகளில் வைத்திருக்கிறோம். அதைக் கவனிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் குறுக்கு வழி கிடையாது, அதையும் கீழே சொல்கிறேன்.

முதல் படி: சொல்லை மட்டும் எடுக்காதீர்கள், வாக்கியத்தை எடுங்கள்

'கேள்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால் என்னாலும் பதில் சொல்ல முடியாது. வீட்டில் பேசுகிற மாதிரியே வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். 'சத்தம் கேக்குதா?' என்றால் ஹியர். 'நான் சொல்றதைக் கேளு' என்றால் லிசன். 'கத்தரிக்கா என்ன விலைன்னு கேட்டியா?' என்றால் ஆஸ்க். யாரை, எதை என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் 'டு' வரும், 'லிசன் டு மீ', 'லிசன் டு மியூசிக்'. ஹியருக்கு அது தேவையில்லை.

'பார்' இன்னும் பெரிய குடும்பம். 'கோபுரம் தெரியுதா?' என்றால் 'கேன் யு சீ தி டவர்?'. 'அந்தக் கோபுரத்தைப் பாரு' என்றால் 'லுக் அட்'. மேட்ச் பார்ப்பது, டிவி பார்ப்பது, நடக்கிற ஒன்றை உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் வாட்ச். தியேட்டரில் படம் பார்த்ததற்கு சீ, வாட்ச் இரண்டுமே சரி, அதில் சண்டை போட வேண்டாம். டாக்டரைப் பார்ப்பதற்கு சீ. 'பார்த்துப் போ' என்பதில் பார்வையே இல்லை, 'பி கேர்ஃபுல்' என்றாக வேண்டும். 'பேங்க்ல வேலை பார்க்குறேன்' என்பதிலும் இல்லை, அது வொர்க். ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இத்தனை இங்கிலீஷ் சொல்லா என்று மலைக்க வேண்டாம், ஒவ்வொரு இடத்திலும் உங்கள் தமிழ் வாக்கியமே வேறாகத்தானே இருக்கிறது.

இரண்டாம் படி: 'எனக்கு' சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியம் 'நான்' என்று ஆரம்பிக்கிறதா, 'எனக்கு' என்று ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். 'எனக்கு மேளச் சத்தம் கேக்குது' என்கிறோம். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. அது ஹியர். 'நான் பாட்டு கேக்குறேன்' என்றால் காதைக் கொடுத்து வேலையாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அது லிசன். அதே கணக்கில் 'எனக்குத் தெரியுது' சீ, 'நான் பார்க்குறேன்' லுக் அல்லது வாட்ச். தானாக நடப்பது 'எனக்கு', நானாகச் செய்வது 'நான்'.

இதே சோதனை இன்னொரு பெரிய தப்பையும் பிடித்துக் கொடுக்கும். 'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் வான்டிங் எ டிக்கெட்' என்று நம் ஊரில் எல்லாவற்றிலும் 'இங்' சேர்ப்போம். எங்கே சேர்க்கக் கூடாது என்று இலக்கணப் புத்தகம் ஸ்டேடிவ் வெர்ப் என்று தலைப்புப் போட்டு ஒரு நீளப் பட்டியல் தரும். அந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க, எனக்குக் கேக்குது. நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், ரிமெம்பர், ஹேவ், ஹியர். எல்லாம் 'எனக்கு'. 'எனக்கு' வந்தால் 'இங்' வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், விதிவிலக்கு மாதிரித் தெரிகிற இடத்திலும் இது நிற்கிறது என்பதுதான். 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரியான இங்கிலீஷ். ஏன் என்றால் அதன் தமிழ் 'நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்', அங்கே 'எனக்கு' கிடையாது. 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ' என்பதும் சரி, 'நாளைக்கு நான் டாக்டரைப் பார்க்குறேன்' என்றுதானே சொல்வோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத இடங்களும் உண்டு. 'நான் நம்புறேன்' என்றாலும் 'ஐ பிலீவ்'தான், அதில் 'இங்' வராது. 'நான் நினைக்கிறேன்' இரண்டுங்கெட்டான்: கருத்து என்றால் 'ஐ திங்க்', உட்கார்ந்து யோசிப்பது என்றால் 'ஐ ஆம் திங்கிங்'. 'எனக்குக் கால் வலிக்குது' என்பதற்கு 'ஹர்ட்ஸ்', 'ஈஸ் ஹர்ட்டிங்' இரண்டும் ஓடும்.

ரிமெம்பர், ரிமைண்ட் ஜோடியையும் இங்கேயே முடித்துவிடலாம். 'எனக்கு ஞாபகம் இருக்கு' ரிமெம்பர், 'ஞாபகப்படுத்துங்க' ரிமைண்ட். நாளைக் காலையில் நினைவூட்டச் சொல்லி ஒருவரிடம் 'ரிமெம்பர் மீ டுமாரோ மார்னிங்' என்றால், ஏதோ கண்காணாத தேசத்துக்குக் கிளம்புகிறவர் விடைபெறுவது மாதிரி இருக்கும்.

மூன்றாம் படி: நேரத்தில் உருபைப் பிடியுங்கள்

ஆபீஸில் காசு போகிற தப்பு இங்கேதான் நடக்கிறது. இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிற ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'ஐ வில் வொர்க் ஆன் திஸ் டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன் என்று. படிக்கிறவருக்குப் புரிவது, வெள்ளிக்கிழமை வரைக்கும் செய்வார், முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதோடு விட்டுவிடுவார் என்று. தமிழில் இந்த இரண்டையும் எவரும் குழப்ப மாட்டார்கள். 'வரைக்கும்' என்றால் டில் அல்லது அன்டில், '-க்குள்ளே' என்றால் பை. 'ஐ வில் ஃபினிஷ் திஸ் பை ஃப்ரைடே' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

'-க்குள்ளே' என்று வந்ததும் விதின் போடுகிற பழக்கமும் உண்டு: 'விதின் ஃபைவ் ஓ க்ளாக்'. தமிழே இதையும் பிரித்து வைத்திருக்கிறது, 'மணி' வேறு, 'மணி நேரம்' வேறு. 'அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க' என்றால் கடிகாரத்தில் ஒரு புள்ளி, பை. 'அஞ்சு மணி நேரத்துக்குள்ள' என்றால் ஒரு நீளம், அங்கேதான் விதின்.

அப்புறம் சின்ஸ், ஃபார். '-இலிருந்து' என்றால் சின்ஸ், 'வருஷமா, மாசமா, நாளா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார். வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிறது, ஆகவே 'ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 1977'. மதுரை காந்தி மியூசியம் 1959-இலிருந்து இருக்கிறது, 'ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் 1959'. அதையே வருஷக் கணக்கில் சொன்னால் 'ஃபார் மோர் தன் சிக்ஸ்டி இயர்ஸ்'. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்ற வாக்கியத்தில் இரண்டு தப்பு. 'அஞ்சு வருஷமா' என்பதால் ஃபார் வர வேண்டும். அப்போது ஆரம்பித்து இன்னும் நடப்பதால் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும். இரண்டாவது தப்பு தமிழிலிருந்து நேராக வருவது, நாம் 'வேலை பார்க்குறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம், இங்கே மட்டும் தமிழை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏகோ, பிஃபோர் இரண்டுக்கும் தமிழில் 'முன்னாடி' ஒன்றுதான். இன்றையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏகோ: 'டூ இயர்ஸ் ஏகோ'. பழைய இன்னொரு சம்பவத்திலிருந்து எண்ணினால், அதாவது 'அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி' என்று 'அதுக்கு' சேர்க்க முடிந்தால் பிஃபோர். 'ஐ ஜாய்ன்ட் டூ இயர்ஸ் பிஃபோர்' என்று மொட்டையாக நிறுத்தினால், எதற்கு முன்னால் என்று கேட்கத் தோன்றும்.

நான்காம் படி: வைகையில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா?

லிட்டில், எ லிட்டில். நடுவில் இருக்கிற அந்த 'எ' அர்த்தத்தையே புரட்டிப் போடுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கோரிப்பாளையம் பக்கம் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். 'தேர் ஈஸ் லிட்டில் வாட்டர் இன் தி வைகை' என்றால் அது புலம்பல்: தண்ணி இல்லை என்றே வைத்துக்கொள். 'தேர் ஈஸ் எ லிட்டில் வாட்டர்' என்றால் ஆறுதல்: பரவாயில்லை, கொஞ்சம் ஓடுகிறது. ஆறும் அதேதான், தண்ணியும் அதேதான், சொல்கிறவர் மனசு வேறு.

தமிழில் இதை '-தான்' பார்த்துக்கொள்கிறது. 'கொஞ்சம்தான் இருக்கு' என்றால் லிட்டில். 'கொஞ்சம் இருக்கு' என்றால் எ லிட்டில். எண்ண முடிகிறவற்றுக்கு ஃப்யூ, எ ஃப்யூ, கணக்கு அதே: 'நாலு பேர்தான் வந்தாங்க' என்பது ஃப்யூ, 'நாலு பேர் வந்தாங்க' என்பது எ ஃப்யூ. வெறும் லிட்டில், வெறும் ஃப்யூ இரண்டும் பேச்சில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். 'ஒன்லி எ லிட்டில்', 'ஒன்லி எ ஃப்யூ' என்று சொல்லிவிட்டுப் போங்கள், அந்த 'ஒன்லி'தான் நம் '-தான்'.

வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. மட்டம் இறங்கினால் 'லெஸ் வாட்டர்', மதகு எண்ணிக்கை குறைவாகத் திறந்திருந்தால் 'ஃப்யூவர் ஷட்டர்ஸ்'. அளப்பதற்கு லெஸ், எண்ணுவதற்கு ஃப்யூவர். இங்கிலீஷ்காரர்களே பேச்சில் இதைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், எழுத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தமிழ் கைவிடுகிற இடங்கள்

இனி வருவதற்கு உருபு உதவாது. நம்மிடம் சொல் ஒன்றுதான், அவர்களிடம் இரண்டு. 'கை'யில் மணிக்கட்டுக்கு மேலே தோள் வரைக்கும் ஆர்ம், கீழே ஹேண்ட். 'கால்' என்பதில் கணுக்காலுக்கு மேலே லெக், கீழே ஃபுட். கால் விரல் டோ, கை விரல் ஃபிங்கர். எலும்பு டாக்டரிடம் தாய்மொழியில் சொல்லிவிடலாம், ஆனால் இன்ஷூரன்ஸ் படிவத்தில் லெக் என்று எழுதிவிட்டு எக்ஸ்ரே பாதத்துக்கு இருந்தால் கேள்வி வரும்.

'நிழல்' இரண்டு. திருமலை நாயக்கர் மஹாலில் உச்சி வெயிலுக்கு ஒதுங்கி அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே நிற்கிறீர்களே, அந்தக் குளிர்ச்சியான இடம் ஷேட். வெளியே முற்றத்தில் உங்கள் உருவம் தரையில் விழுகிறதே, அது ஷேடோ. வடிவம் தெரிந்தால் ஷேடோ, ஒதுங்கி நிற்க இடம் என்றால் ஷேட்.

'திருடு' இரண்டு. ஸ்டீலுக்குப் பின்னால் பொருள் வரும், ராபுக்குப் பின்னால் ஆளோ இடமோ வரும். 'தே ஸ்டோல் மை ஃபோன்', 'தே ராப்ட் மீ'. சட்டத்திலும் இது விளையாட்டில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் தெஃப்டுக்குப் பிரிவு 303, பறித்துக்கொண்டு ஓடுகிற ஸ்னாட்சிங்குக்கு 304, அடித்தோ மிரட்டியோ பிடுங்குகிற ராபரிக்கு 309. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெகாய்டி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பையிலிருந்து தெரியாமல் பர்ஸை உருவிவிட்டான் என்றால் தெஃப்ட், கத்தியைக் காட்டி வாங்கினான் என்றால் ராபரி. புகாரை இங்கிலீஷில் எழுதுகிறவர் இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

'சொல்' விஷயத்தில் தமிழ் நேராகவே குழப்பும். 'அவன்கிட்ட சொன்னேன்' என்பதிலிருக்கிற 'கிட்ட' நம்மை 'ஐ டோல்ட் டு ஹிம்' என்று எழுத வைக்கிறது. டெல் பக்கத்தில் ஆள் நேராக உட்கார வேண்டும்: 'ஐ டோல்ட் ஹிம்'. 'டு' வேண்டுமென்றால் சே: 'ஐ செட் டு ஹிம்'. கதை, பொய், உண்மை இவற்றுக்கு டெல். பாஷைக்கு ஸ்பீக், 'ஐ டாக் இங்கிலீஷ்' கிடையாது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, 'டிஸ்கஸ் அபௌட்' என்று இன்னொன்று வைக்காதீர்கள்.

பாரோ, லெண்டில் குழம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான், கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் வித்தியாசம் தெரியாத மதுரைக்காரர் உண்டா? வாங்கினால் பாரோ, ஃப்ரம். கொடுத்தால் லெண்ட், டு. 'எடுத்துட்டு வா' என்பதை 'டேக் அண்ட் கம்' ஆக்காதீர்கள், அது பிரிங்.

நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நெல், அரிசி, சோறு மூன்றையும் ரைஸ் என்கிறவர்கள் தமிழ் படிக்க வந்தால் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். 'நாம்', 'நாங்கள்' இரண்டும் அவர்களுக்கு வெறும் 'வீ'. 'நாங்க சாப்பிடப் போறோம்' என்று விருந்தாளியை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் படி: இங்கிலீஷ் தானாகவே வைத்திருக்கிற பொறிகள்

1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் காந்தி தன் உடையைக் குறைத்து வேட்டிக்கு மாறினார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது. இரண்டும் ஹிஸ்டாரிக், நாட்டின் போக்கையே திருப்பிய நாட்கள். பழங்காலத்தோடு சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ஹிஸ்டாரிகல்: பழைய ஆவணம், பழைய வரைபடம், சரித்திர நாவல். எல்லா ஹிஸ்டாரிகல் பொருளும் ஹிஸ்டாரிக் ஆகிவிடாது.

எகனாமிக் என்றால் பொருளாதாரத்தைச் சேர்ந்தது. எகனாமிகல் என்றால் சிக்கனம்: தனி ஆட்டோவைவிட ஷேர் ஆட்டோ எகனாமிகல். பிசைட் என்றால் பக்கத்தில், பிசைட்ஸ் என்றால் அது போக. டீச்சர் மாதிரி இல்லை குக்கர். சமைக்கிறவர் குக், அடுப்பில் விசில் அடிப்பது குக்கர். அஃபெக்ட் பெரும்பாலும் வினை, இஃபெக்ட் பெரும்பாலும் பெயர். அட்வைஸ் எழுத்தில் இரண்டு விதம், பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. ஸ்டேஷனரியில் பேனா பேப்பர் கடை 'ஈ', நகராமல் நிற்பது 'ஏ'. இதெல்லாம் ஸ்பெல்லிங் விவகாரம், எழுதி எழுதித்தான் வரும்.

ஏழாம் படி: நம் ஊரில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்ட சொற்கள்

இவை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரிகிற இங்கிலீஷ் இது. யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

டவுட்தான் முதல் ஆள். 'சார், ஒரு டவுட்' என்று வகுப்பில் கை தூக்கினால் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று நமக்குத் தெரியும். லண்டனில் இருக்கிறவரிடம் 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ப்ளான்' என்றால், உங்கள் திட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று காதில் விழும். கேள்வி இருந்தால் க்வெஸ்டியன், அவ்வளவுதான்.

லீஸ் இன்னொன்று. இந்த ஊர்ச் சந்துகளில் காம்பவுண்டுச் சுவரில் அட்டை தொங்கும்: 'வீடு வாடகைக்கு', பக்கத்திலேயே 'ஒத்திக்கு'. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாச வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். அதை நாம் இங்கிலீஷில் லீஸ் என்கிறோம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ லீஸ் என்பது வெறும் வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு மாசாமாசம் வாடகையும் கட்ட வேண்டும். மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள், லீஸ்தானே என்று வாடகைக்குப் பணம் ஒதுக்காமல் கிளம்பிவிட வேண்டாம். ரென்ட் என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை, வாடகைக்கு எடுப்பதும் ரென்ட், விடுவதும் ரென்ட். விடுகிறவர் நீங்கள் என்றால் 'ரென்ட் அவுட்' என்று சொல்லிவிடுங்கள்.

'பர்ஸை மிஸ் பண்ணிட்டேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். இங்கிலீஷில் பஸ்ஸை மிஸ் பண்ணலாம், ஊரில் இருக்கிற அம்மாவை மிஸ் பண்ணலாம். பர்ஸ் தொலைந்தால் லாஸ்ட். 'ப்ளீஸ் ரிவெர்ட்' என்றால் நமக்குப் பதில் எழுதுங்கள் என்று அர்த்தம். இங்கிலாந்தில் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புங்கள் என்றிருக்கும். 'ப்ளீஸ் ரிப்ளை' என்றால் இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை.

எட்டாம் படி: சரிபார்ப்பது, பழகுவது

தமிழ் அர்த்தம் மட்டும் தருகிற டிக்‌ஷனரியை மூடிவிட்டு, வெளிநாட்டு மாணவர்களுக்காகவே செய்த லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்றைத் திறங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகமாகப் புரட்ட வேண்டுமென்றால் புது நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அர்த்தத்தை விட்டுவிட்டுக் கீழே இருக்கிற உதாரண வாக்கியங்களை வாசியுங்கள். சொல்லுக்குப் பின்னால் 'டு' வருகிறதா, 'ஃப்ரம்' வருகிறதா, ஆள் வருகிறாரா, பொருள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு உங்கள் தெரு, உங்கள் ஆபீஸ், உங்கள் வீட்டு ஆட்களை வைத்து ஜோடிக்கு இரண்டு வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள், தமிழில் ஒன்று, பக்கத்திலேயே இங்கிலீஷில் ஒன்று. டிக்‌ஷனரி வாக்கியத்தைக் காப்பி அடித்தால் தங்காது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் டில்-பை, சின்ஸ்-ஃபார், டவுட், இந்த மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள், தினமும் மெயிலில் வருகிறவை. இன்டர்வியூவுக்குத் தயாராகிறவருக்கு 'எனக்கு' சோதனையும் டெல்-சேயும் முதலில். ஃப்யூவர்-லெஸ், ஹிஸ்டாரிக்-ஹிஸ்டாரிகல் கடைசியில் வந்தால் போதும். போன வாரம் நீங்கள் அனுப்பிய மெயிலில் பத்தைத் திறந்து, அதில் எத்தனை 'டில்', எத்தனை 'சின்ஸ்' இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள்.